முன்வரிசை மட்டும்தான்

சிரிப்பைக் குறிப்பவள் சிரிக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லப்பட்ட ஒரே விதி அது. ஒன்பது ஆண்டு அதைக் காப்பாற்றினாள்.

வேலை இதுதான். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்தத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நேரலையாகப் போகும். ஒரு மணி நேரத்தில் ஏழு குட்டி நாடகங்கள். அங்கே எல்லோரும் ஸ்கிட் என்பார்கள். ஆனால் வாரம் முழுவதும் எழுதித் தயாராவது பதினொன்று. அன்றைக்கே மூன்று மணிக்கு, இலவசச் சீட்டில் வந்த இருநூறு பேர் முன்னால் பதினொன்றையும் நடித்துப் பார்த்துவிடுவார்கள். எந்த வரிக்குச் சிரித்தார்கள், எவ்வளவு சிரித்தார்கள் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் குறித்துக்கொள்வாள். வசனத்தாளின் ஓரத்தில், சின்னச் சிரிப்புக்கு ஒரு கோடு. நல்ல சிரிப்புக்குப் பெருக்கல் குறி. அரங்கமே குலுங்கினால் வட்டம். கோட்டுக்கு ஒன்று, பெருக்கலுக்கு இரண்டு, வட்டத்துக்கு மூன்று. ஐந்தேகால் மணிக் கூட்டத்தில் கூட்டுத்தொகையை வாசிப்பாள். கடைசி நான்கும் குப்பைக்கூடைக்குப் போகும்.

டைரக்டர் மூன்று மணிக் காட்சியைக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்ப்பார். காதில் ஹெட்ஃபோன். அதில் ஐந்து கேமராக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அரங்கத்தின் சிரிப்பு அவருக்குப் பக்கத்துத் தெருவில் பெய்யும் மழை. அதனால்தான் அவள் தேவைப்பட்டாள்.

முன் இரண்டு வரிசைகளை அவள் சேர்த்துக்கொள்வதில்லை. விளம்பரம் கொடுப்பவர்களும் நடிகர்களின் சொந்தபந்தங்களும் அங்கே உட்காருவார்கள். கதவு திறந்தாலே சிரிப்பார்கள். முன்வரிசைச் சிரிப்பையும் பின்வரிசைச் சிரிப்பையும் பிரித்துக் கேட்கும் காது அந்தக் கட்டடத்தில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அவள் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

அவளைப் பென்சில் என்றார்கள். நேரில், பென்சில் மேடம். ஒரு சீசனுக்குப் பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பென்சில். ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த ரப்பர் கடைசிவரை புத்தம் புதிதாக இருக்கும்.

“மேடத்துக்கு எதுக்குய்யா ரப்பர் வச்ச பென்சில் வாங்கறீங்க? தண்டம்” என்பார் டைரக்டர். கேலிபோலச் சொன்னாலும் அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவளுக்கும்.

அந்த சீசனில் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு வந்தவள். நர்ஸ் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்னொருவன் நெட்டை. முழங்கால் பின்பக்கம் மடங்குவதுபோல நடப்பான். கொக்கு என்றார்கள். ஆறாவது வாரம் ஆளுக்கொரு ஸ்கிட் சொந்தமாக எழுதி நடிக்க வேண்டும், அதிகக் குறி வாங்குகிறவர் இருக்கலாம், மற்றவர் போக வேண்டும் என்று டைரக்டர் முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கொக்கு அவளுடைய தம்பி. அது அங்கே யாருக்கும் தெரியாது.

யோசனை அவனுடையதுதான். “அக்காவைப் பிடிச்சு உள்ள வந்துட்டான்னு சொல்லுவாங்க. வேண்டாம்” என்றான். அவளும் சரி என்றாள். முறிந்துபோன கல்யாணத்திலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது கணவன் பெயர் ஒன்றுதான். அடையாள அட்டையில் அது இருந்தது வசதியாகப் போயிற்று. அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரு நிறுத்தம் முன்னால் அவன் இறங்கிக்கொள்வான். உள்ளே பார்த்தால், “வணக்கம் மேடம்.” நன்றாகவே நடித்தான்.

பதினான்கு வயது வித்தியாசம். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவள். காய்ச்சலில் ஈரத்துணி போட்டது அவள். நல்ல அரசாங்க வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவளிடம் பேசினாள்.

“தம்பியைக் கொஞ்சம் பாத்துக்கோடி.”

“நான் என்னத்தம்மா பாக்கறது?”

“அங்க உன் பேச்சுக்குத்தான் மதிப்புன்னு நீயே சொல்லியிருக்கியே.”

“நான் அங்க பேசறதே இல்லம்மா. வாசிக்கிறேன்.”

“அதைக் கொஞ்சம் பாத்து வாசி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் அம்மா. அவளும் சிரித்தாள்.

ஆறாவது சனிக்கிழமை. கொக்கின் ஸ்கிட் ஐந்தாவதாக வந்தது.

ஒருவன் கடைக்கு நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வருகிறான். கடைக்காரர் புரட்டிப் பார்க்கிறார். நாலு காலும் சரியாக இருக்கிறது.

“என்ன சார் குறை?”

“குறையெல்லாம் இல்லைங்க. இதுக்கு என்னைப் பிடிக்கலை.”

“நாற்காலிக்கா?”

“மெதுவாப் பேசுங்க. கேட்டுடும்.”

வீட்டில் பத்து வயதிலிருந்து அவன் செய்வது அது. கூடத்தில் கிடக்கும் பிரம்பு நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள். ஒரு முறை சோற்றுப் பானையைக் கீழே போட்டிருக்கிறாள்.

அரங்கத்தில் சிரித்தார்கள். சின்னதாக. கோடு, கோடு, கோடு. நடுவில் சில பெருக்கல். முன்வரிசை நன்றாகச் சிரித்தது. அவள் கை அதைத் தொடவில்லை. வட்டம் ஒன்றும் இல்லை. அவளுக்கே சிரிப்பு வரவில்லை. மேடையில் அவன் வீட்டில் செய்வதைவிட வேகமாகச் செய்தான். நாற்காலிக்கு முன்னால் அவனுக்குத்தான் பயம்போல இருந்தது.

நர்ஸின் ஸ்கிட் ஒன்பதாவது.

கட்டிலில் நோயாளி. சுற்றிலும் ஐந்து சொந்தக்காரர்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு அழுகிறார்கள். நர்ஸ் கையில் அட்டையோடு வருகிறாள்.

“இவருக்கு ரொம்ப நெருக்கமானவங்க யாரு?”

“நான்தான்!” “நீ யாருடி, நான்தான்!” “என் மடியில வளந்தவரு!” “என்னைப் பாக்காம சாப்பிட மாட்டாரு!” தள்ளுமுள்ளு. ஒருவர் மேல் ஒருவர் ஏறுகிறார்கள்.

நர்ஸ் அட்டையைப் பார்த்து வாசிக்கிறாள். “ராத்திரி ஒருத்தர் கூட இருக்கணும்.”

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போகிறார்கள். சத்தமே இல்லை. நர்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். பொறுமையாக. அப்புறம் கட்டிலில் இருந்த நோயாளி மெல்ல எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டு, இறங்கிப் போய் அந்த ஐந்து பேரோடு வரிசையில் நின்றுகொள்கிறார்.

அரங்கம் குலுங்கியது. பென்சில் வட்டம் போட்டாள். போடும்போதே அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வெளியே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒன்பது ஆண்டில் முதல் தடவை.

ஐந்து மணிக்கு அரங்கம் காலியானது. உடை அறைக்குப் பின்னால் யாரும் வராத ஒரு படிக்கட்டு உண்டு. அங்கே உட்கார்ந்துதான் அவள் கூட்டுவாள். கொக்குக்கு இருபத்தொன்பது. நர்ஸுக்கு நாற்பத்தொன்று.

மறுபடி கூட்டினாள். மாறவில்லை.

கோட்டின் மேல் இன்னொரு கோடு குறுக்கே இழுத்தால் பெருக்கல் ஆகிவிடும். அது எவ்வளவு சுலபம் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. தம்பியின் தாளில் ஒன்பது இடத்தில் இழுத்தாள். முப்பத்தெட்டு. போதவில்லை. நர்ஸின் தாளை எடுத்தாள். பென்சிலைத் தலைகீழாகத் திருப்பினாள். புது ரப்பர் தாளில் கிறீச்சிட்டது. ஆறு பெருக்கல் குறிகளில் ஒரு கையை அழித்தாள். வட்டத்தை முழுக்க அழித்துவிட்டு அங்கே ஒரு கோடு போட்டாள். முப்பத்து மூன்று.

ரப்பர் தூளை ஊதிவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். வழக்கம்போல நேராகக் கூட்ட அறைக்கு நடந்தாள். அதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

கூட்டத்தில் வாசித்தாள். டைரக்டர் தலையைத் தூக்கினார்.

“நர்ஸுக்கு முப்பத்து மூணா? நல்லாச் சிரிச்ச மாதிரி இருந்ததே மேடம். கண்ணாடியே அதிர்ந்துச்சு.”

“முன்வரிசை மட்டும்தான் சார்” என்றாள்.

அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார்.

அன்று ஏழு மணிக்கு நாற்காலி நேரலையில் போனது. வட்டமும் இல்லை, விழவும் இல்லை. ஓரளவு.

மறுநாள் மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாராட்டியதை அம்மா மூன்றாவது முறை சொல்லிக்கொண்டே பரிமாறினாள்.

“முப்பத்தெட்டாமே, அக்கா?” என்றான் தம்பி.

“ம்.”

“நானும் மேடையில எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். முப்பதைத் தாண்டலை.”

அவள் தட்டைப் பார்த்தாள். அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள்.

“மேடையில நின்னா சரியாக் கேக்காது” என்றாள் அவள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவனுக்கு அந்த முகம் பிறந்ததிலிருந்து தெரியும்.

“இருக்கும்” என்றான். சாப்பிடத் தொடங்கினான்.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனவன் பிரம்பு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நர்ஸ் தன் பொருட்களை எடுக்க வந்தாள். ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு கண்ணாடி, கோப்பை. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியில் பென்சிலின் மேசைக்கு வந்தாள்.

“மேடம், ஒரு உதவி. தப்பா நினைக்காதீங்க.”

“சொல்லும்மா.”

“அந்தத் தாளைக் காட்டுவீங்களா? எந்த எந்த இடத்துல விழுந்துச்சுன்னு பாக்கணும். கத்துக்கலாம்னுதான்.”

இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. தாள்கள் பின்னாலிருந்த அலமாரியில்தான் இருந்தன, வார வாரியாக. எடுத்துக் கொடுத்தாள்.

நர்ஸ் நின்றுகொண்டே படித்தாள். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல, விரல் வைத்து, வரி வரியாக. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். கட்டிலிலிருந்து நோயாளி இறங்கும் இடத்தில் விரல் நின்றது.

“இங்க ஒரு கோடுதானா மேடம்?”

“ஆமா.”

“எல்லாரும் சிரிச்ச மாதிரி கேட்டுச்சே.” விரலால் அந்த இடத்தைத் தடவினாள். “இங்க என்ன, அழுக்கா?”

“என் கை வேர்வை.”

“ஓ.” நர்ஸ் சிரிக்க முயன்றாள். “எனக்குக் காதே சரியில்லை போலிருக்கு மேடம். அந்த இடத்துல ஆசையா நின்னு காத்துட்டு இருந்தேன் பாருங்க. எல்லாரும் சிரிக்கறாங்கன்னு நினைச்சு. முன்வரிசை மட்டும்தான் சிரிச்சுதுன்னு டைரக்டர் சொன்னாரு. நான் பாட்டுக்கு நின்னுட்டு இருந்திருக்கேன். அசிங்கம்.”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“இல்ல மேடம், நல்லது. இப்பவாவது தெரிஞ்சுதே.”

தாளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொன்னாள். அதுதான் பென்சிலுக்குத் தாங்கவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. காதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறாளே என்று இருந்தது. எழுந்து கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸ் லிஃப்டுக்குள் போய்விட்டாள். படியில் இறங்கி ஓடியிருக்கலாம். மூன்று மாடிதான்.

ஏழாவது வாரத்திலிருந்து கொக்குக்குச் சின்ன வேடங்கள் வந்தன. கதவு திறப்பவன். சாட்சிக் கையெழுத்துப் போடுபவன். ஒரு வாரம் பிணம். பிணமாக நன்றாகச் செய்தான் என்றார்கள். வசனம் கொடுத்தால் தப்பித்து ஓடுபவன்போல மளமளவென்று சொல்லி முடித்தான். அவள் இருந்ததை இருந்தபடி குறித்தாள். ஒரு கோடு. ஒன்றுமில்லை. ஒரு கோடு. இப்போது நேர்மையாகக் குறிப்பதும் கூசியது.

வீட்டில் பேச்சுக் குறைந்தது. ஒருநாள் காலை குளியலறைக் கதவைத் தட்டி, “மேடம், நேரமாச்சு” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. இரண்டு பேரும் கதவுக்கு இரண்டு பக்கமும் அசையாமல் நின்றார்கள்.

“என்னடா, வீட்டுலயும் மேடமா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

பன்னிரண்டாவது வாரம். சீசனின் கடைசிச் சனிக்கிழமை. மூன்று மணிக்கு அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தபோது பக்கத்து இருக்கையில் நர்ஸ் இருந்தாள்.

“டியூட்டி மாத்திக்கிட்டு வந்தேன் மேடம். பழைய ஆஸ்பத்திரியிலயே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஏழாவது வாரத்துலேருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வர்றேன். முன்னால உக்காருவேன். இன்னைக்குக் கடைசி நாளாச்சே, உங்க பக்கத்துல உக்காந்து பாக்கலாம்னு வந்தேன். தொந்தரவு இல்லையே?”

மடியில் அதே சின்ன நோட்டு இருந்தது. கையில் பென்சில். பக்கம் பக்கமாகக் கோடு, பெருக்கல், வட்டம்.

“பழகறேன்” என்றாள் நர்ஸ், கூச்சத்தோடு.

முதல் ஸ்கிட் ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் சிரித்தார்கள். பென்சில் கோடு போட்டாள். பக்கத்தில் நர்ஸும் கோடு போட்டாள். அடுத்த சிரிப்புக்குப் பெருக்கல். நர்ஸும் பெருக்கல். நன்றாகத்தானே கேட்கிறாள் என்று பென்சில் நினைத்தாள். நாலாவது ஸ்கிட்டில்தான் புரிந்தது. நர்ஸ் மேடையைப் பார்க்கவில்லை. இவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது ஸ்கிட்டில் ஒரு கிழவர் வேடம் போட்டவர் தன் பல்செட்டை ஏலம் விட்டார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நர்ஸும் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வர. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை நோட்டின் மேல் வைத்து, இவள் கையைப் பார்த்தாள். பென்சில் வேண்டுமென்றே குறிக்காமல் இருந்தாள். நர்ஸின் பென்சில் காகிதத்தைத் தொடாமல் நின்றது. அடுத்த வசனம் போனது. அதற்கடுத்ததும் போனது. நர்ஸ் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டாள்.

தான் சிரித்ததையே நம்பவில்லை.

மீதி நாலு ஸ்கிட்டையும் பென்சில் குறித்தாள். எப்படிக் குறித்தாள் என்று தெரியாது. ஒன்பது ஆண்டுப் பழக்கம், கை செய்தது. விளக்குகள் எரிந்தன. கூட்டம் எழுந்தது.

“அந்த ஆறாவது வாரம்” என்றாள் பென்சில்.

“என்ன மேடம்?”

“உனக்கு நாற்பத்தொண்ணு. நான் முப்பத்து மூணுன்னு மாத்தினேன். அந்தக் கட்டில் இடம் வட்டம். அரங்கமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அழிச்சுட்டேன்.”

நர்ஸுக்குப் புரிய நேரம் எடுத்தது. மக்கள் அவர்கள் முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். “கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்றார் ஒருவர். இருவரும் காலை மடக்கிக்கொண்டார்கள்.

“ஏன்?”

“கொக்கு என் தம்பி. கூடப் பிறந்தவன்.”

நர்ஸ் நோட்டை மூடினாள். பென்சிலை அதற்குள் வைத்தாள். அப்புறம் நோட்டை மறுபடி திறந்து, எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

“நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேன்ல?”

“ம்.”

“வீட்டுக்குப் போய் எங்க அம்மாகிட்டச் சொன்னேன். அந்த மேடம் எவ்வளவு நல்லவங்க, தாளைக் கூடக் காட்டினாங்கன்னு.”

பென்சில் தலை குனிந்திருந்தாள். கழுத்து வலித்தது. நிமிரத் தோன்றவில்லை.

“என்னை மன்னிச்சுடும்மா.”

“அது இருக்கட்டும். என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள போய் இதே மாதிரி சொல்லுங்க. அந்தக் கண்ணாடி ரூம் ஆளுங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க.” நர்ஸ் எழுந்தாள். “நான் வாசல்ல நிக்கறேன். அஞ்சரைக்கு பஸ். அதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா வந்து சொல்லுங்க.”

அலமாரியிலிருந்து ஆறாவது வாரத் தாள்களை எடுத்துக்கொண்டு போகும்போது கூட்ட அறைக்கு வெளியே தம்பி நின்றிருந்தான். கடைசி வாரத்துக்கு அவனுக்கு ஒரே ஒரு வேடம், நாலு வரி. எவ்வளவு வாங்கினேன் என்று கேட்க நின்றிருப்பான். அவள் கையிலிருந்த தாள்களின் மேலே எழுதியிருந்த வார எண்ணைப் பார்த்தான்.

“சொல்லப் போறியா?”

“ஆமா.”

சுவரைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான்.

“எனக்கும் தெரியும்னு சேத்துச் சொல்லிடுக்கா. அன்னைக்கே தெரியும்னு.”

“அதை நீதான் சொல்லணும்.”

உள்ளே டைரக்டர், இரண்டு எழுத்தாளர்கள், ஒலிப் பொறுப்பாளர். அவள் அன்றைய பதினொன்றையும் வாசித்தாள். கொக்கு நடித்தது கூட்டுத்தொகையில் கடைசி. பிறகு ஆறாவது வாரத் தாளை மேசையில் வைத்தாள். சொன்னாள். நின்றுகொண்டேதான் சொன்னாள். ஐந்தாறு வாக்கியம்.

டைரக்டர் தாளை எடுத்து மேசை விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். பென்சில் குறி போயிருந்தது. அழுத்திய பள்ளம் போகவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் வட்டம் முழுசாகத் தெரிந்தது.

“முன்வரிசை மட்டும்தான்னு சொன்னீங்களே மேடம்.”

“கடைசி வரிசையும் சிரிச்சுது சார்.”

அவர் தாளைக் கீழே வைத்தார்.

“ஒன்பது வருஷம். நீங்க சொன்னதை வச்சு எத்தனை பேரை அனுப்பியிருக்கேன். இப்ப அதையெல்லாம் நான் என்னன்னு எடுத்துக்கறது?”

“மத்தது எல்லாம் சரி சார். இந்த ஒண்ணுதான்.”

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு அதை நம்ப ஒரு வழியும் இல்லை. ஒலிப் பொறுப்பாளர் இருமினார்.

“பென்சிலை வச்சுட்டுப் போங்க” என்றார் டைரக்டர்.

வைத்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள். பின்னால் டைரக்டர் கேட்டது காதில் விழுந்தது. “சரி, இன்னைக்கு எந்த ஏழு? நீங்க சொல்லுங்கய்யா. எது நல்லா இருந்துச்சு?”

எழுத்தாளர்கள் நகத்தைப் பார்த்தார்கள். அவள் வாசித்த தாள் மேசையில்தான் கிடந்தது. அதை எடுக்க எவர் கையும் நீளவில்லை.

வெளியே வந்தபோது தம்பி அவளைத் தாண்டிக் கதவைத் தட்டினான். உள்ளே போனான். அவள் காத்திருக்கவில்லை.

வாசலில் நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஏழு எதுன்னு பேசிட்டு இருக்காங்க.”

நர்ஸ் தலையை ஆட்டினாள். இன்னும் ஏதாவது வரும் என்று இருவருமே நினைத்தார்கள்போல. பஸ் வந்தது. நர்ஸ் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்து நோட்டைத் திறப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, நீ இங்க இருக்க? ஷோ இல்லையா?”

சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள், பிறகு கூட்டினாள், பிறகு குறைத்தாள்.

“பாத்துக்கோன்னுதானே சொன்னேன்” என்றாள். “அழிக்கவா சொன்னேன்?”

“இல்லம்மா. நீ சொல்லலை.”

“அந்தப் பொண்ணு கல்யாணம் ஆனவளா?”

“தெரியாதும்மா.”

“அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாளே.”

“இருக்காங்க.”

வாசல் கதவு திறந்தது. தம்பி செருப்பைக் கழற்றினான். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதை விட்டுவிட்டுத் தரையில், அவளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தான்.

“சொன்னேன்” என்றான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் பல்செட்டு. கிழவர் சுத்தியலைத் தட்டினார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையா பின்வரிசையா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சிரிக்கலாமா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.